கெவினுக்கு ஒரு சூரியன்

வேலியில் போன ஓணானை
மடியில் கட்டிக்கொண்டாயே என்றாள்
போனில் மங்கையர்க்கரசி.
வேலியில் எங்கே போனது, மங்கை,
அடுத்த அறை டேரன் விட்டுப்போனான்,
கடலுக்குள் எண்ணெய்க் கிணற்று வேலை,
ரெண்டே வாரம் என்றான்.
அப்போது ஆகஸ்ட்.
இப்போது சண்டர்லாந்தில்
மூன்றே முக்காலுக்கு இருட்டுகிறது.

பெயர் கெவின். தாடி வைத்த ஓணான்.
நான்கடி நீளப் பெட்டி, ஒரு கட்டை, ஒரு கல்,
மேலே இரண்டு விளக்கு.
ஒன்று சூட்டுக்கு, ஒன்று வெயிலுக்கு.
இரண்டும் வேறு வேறு என்பதே
எனக்குத் தெரியாது.

கெவின் சாப்பிடவில்லை.
வெட்டுக்கிளியை முகத்துக்கு நேரே நீட்டினால்
கடன்காரனைக் கண்டதுபோல்
கண்ணை மூடிக்கொண்டான்.
தாடி கரியாய்க் கறுத்துக் கிடந்தது.
கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்ட மானி
முப்பது என்றது.
விளக்கணைத்த நடுராத்திரியிலும்
முப்பது என்றது.

பிராணிக் கடை ஷோனா
துப்பாக்கி மாதிரி ஒன்றைக் கடன் தந்தாள்.
கல்லைக் குறிவைத்தேன்: இருபத்தொன்பது.
நாற்பது வேண்டும், ஒன்றிரண்டு கூடினால் நல்லது.
கொல்லைப்புறத்துச் செங்கல் இரண்டை
தேய்த்துக் கழுவி
கல்லுக்கு அடியில் வைத்தேன்.
நாற்பத்தொன்று.
மறுகோடியில் இருபத்தைந்து.
அதுவும் முக்கியம் என்றாள்,
சுட்டால் எழுந்துபோக
அவனுக்கு ஓர் இடம் வேண்டாமா.

பிறகு குழாய் விளக்கைக் கழற்றிப் பார்த்தோம்.
முனையில் மார்க்கர் எழுத்து, டேரன் கை:
மார்ச், போன வருஷத்துக்கு முந்தின வருஷம்.
எரியத்தானே எரிகிறது என்றேன்.
ஆமாம், உன் கண்ணுக்கு, என்றாள் ஷோனா.
கண்ணுக்குத் தெரியாத பங்குதான்
முதலில் தீர்ந்துபோகுமாம்.

அதே வாரம் டாக்டரிடமிருந்து கடிதம்.
என் ரத்தத்திலும் வெயில் இல்லை.
எனக்கு மாத்திரை, இலவசமில்லை.
அவனுக்குப் புதுக் குழாய், முப்பத்தெட்டு பவுண்டு.
வலைக்கு மேலே வைத்தால் பாதி வடிகட்டிவிடும் என்று
உள்ளேயே திருகினேன், அவன் முதுகுக்கு மேலே
ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைய,
சூடும் வெயிலும்
ஒரே கல்லில் விழும்படி.
ஒன்பதாம் நாள்
வெட்டுக்கிளி இருந்த இடத்தில்
வெட்டுக்கிளி இல்லை.

எங்கள் மீட்டர் காசு போட்டால்தான் ஓடும்.
ஹீட்டரை அணைத்துவிட்டு
நாற்காலியைப் பெட்டியோரம் இழுத்துப் போட்டேன்.
அடுத்தவர் நெருப்பில் குளிர்காயலாமா?
காய்ந்தேன்.
ஆஸ்திரேலியப் பகலில் அவன்,
கோட்டும் குல்லாயுமாக நான்.

ஒரு வியாழன் மதியம்
நிசப்தம் என்னை எழுப்பியது.
ஃபிரிட்ஜ் முனகவில்லை. கெவின் இருட்டில்.
சாவியை எடுத்துக்கொண்டு ஓடினால்
கடையில் மெஷின் கோளாறு,
ஒரு மணி நேரம் கழித்து வா, பெண்ணே.
திரும்பி வந்தேன். கல் இன்னும் கொஞ்சம்
இளஞ்சூடாய் இருந்தது. அவன் இல்லை.
தூக்கி, ஸ்வெட்டருக்குள் விட்டு,
மடியில் வைத்து, போர்வையைச் சுற்றி
அப்படியே உட்கார்ந்தேன்.
மங்கை, கேள்:
குத்தவில்லை. குடையவில்லை.
என் வயிற்றுமேல் தாடையை வைத்து
ஒரு கண்ணை மட்டும் திறந்திருந்தான்,
சந்தேகமாக.

கரண்ட் வந்தது.
ஆனால் டைமர் பழைய வகை,
நின்ற நேரமெல்லாம் அதற்கு நேரமே இல்லை.
ஏழு மணிக்கு உதித்த கெவினின் சூரியன்
அன்றிலிருந்து
எட்டு ஐம்பதுக்கு உதிக்கிறது.

திருத்த ஒரு நிமிஷம் போதும்.
நைட் ஷிப்ட் முடிந்து, ரெண்டு பஸ் மாறி,
நான் கதவைத் திறப்பது
எட்டு நாற்பத்தைந்துக்கு.